குழுவிலிருந்து நீக்கப்படாத பூனை

சென்ற ஆண்டு, செமஸ்டர் தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லாத ஒரு மாலையில், எங்கள் மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு மருத்துவமனையில் இது நடந்தது. நோயாளி நான் இல்லை, என் தங்கை மகள். அவளுக்குத் திடீரென்று குடல்வால் வீங்கி, அறுவை சிகிச்சை நடந்து, ஆபத்து நீங்கி, பெண்கள் வார்டில் சன்னல் ஓரக் கட்டிலில் கஞ்சிக்கும் எழுந்து நடக்கச் சொல்லும் நர்ஸுக்கும் முகம் சுளித்துக்கொண்டு படுத்திருந்தாள். உடம்பைப் பற்றிய கவலை முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்த பிறகுதான் உண்மையான கவலை வந்தது.

முதலில் என்னைப் பற்றி ஒரு சொல். வேலை செய்த காலம் முழுவதையும் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் கழித்துவிட்டு, இப்போது ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்பாவும் குமாஸ்தா. எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தேதியைக் குறித்துவிட்டுத்தான் மருந்து கொடுப்பார்கள். நான் படித்தது வேதியியல், பிழைத்தது விதிமுறைகளால். கேள்வித்தாள் யார் கையில் எப்போது இருக்கலாம், எந்த உறையை யார் முன்னிலையில் பிரிக்கலாம் என்பதெல்லாம் இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பதுதான் ஓய்வுக்காலத்தின் குறை.

தங்கை மகள் வேறொரு கல்லூரியில் உடலியல் விரிவுரையாளர். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவள். அந்த செமஸ்டர் முடிந்ததும் நிரந்தரப் பதவி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய கோப்பு மேலிடத்துக்குப் போயிருந்தது. கோப்புகளை நான் அறிவேன். நல்ல செய்தியைச் சுமந்து செல்லும் கோப்பு ஆமை. அதில் 'விசாரணை' என்ற ஒரு சொல் ஏறிவிட்டால் ஆமைகூட இல்லை, கல்.

இந்தப் பெண் முதலாண்டு மாணவர்களுக்காக டெலிகிராமில் ஒரு குழு நடத்தி வந்தாள். தினமும் மாலையில் ஒரு கேள்வி படமாக வரும். நான்கு விடைகள் இருக்கும். மாணவர்கள் கீழே பதில் எழுதி ஒருவரையொருவர் கேலி செய்து சண்டை போடுவார்கள். மறுநாள் காலையில் சரியான விடையும் விளக்கமும் வரும். தேர்வு நெருங்க நெருங்கக் கூட்டம் அலைமோதும்.

எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததில்லை. பாடம் நடத்த வகுப்பு இருக்கிறது, திருப்பிப் படிக்க நூலகம் இருக்கிறது, சந்தேகம் கேட்க ஆசிரியரின் அலுவலக நேரம் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. இத்தனையும் இருக்க இந்தச் சந்தைக்கடை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த நேரத்துல ஒருத்தர்கூட வர்றதில்ல லா, பெரியம்மா. நானும் என் மேசையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்போம்" என்றாள். "அவங்களுக்கு டவுட்டு வர்றதே பஸ்ல வீட்டுக்குப் போறப்பதான்."

மருத்துவமனையில் சேர்ந்ததும் அந்தக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என் தலையில் கட்டினாள். ஒரு வாரத்துக்கான கேள்விகளை அவள் முன்பே ஏற்றி வைத்திருந்தாள். குறித்த நேரத்தில் அவை தாமாகவே வெளிவரும். கடன் தருகிறோம், எடை குறைக்கிறோம் என்று நுழையும் விளம்பரங்களை அழிப்பதும், பிள்ளைகள் எல்லை மீறாமல் பார்ப்பதும்தான் என் பொறுப்பு.

"உங்கள அட்மின் ஆக்கிட்டேன்."

"சம்பளம் உண்டா?"

"டிஸ்சார்ஜ் ஆனதும் ஒரு கிண்ணம் ஐஸ் செண்டோல்."

அட்மின் என்பது லேசான பதவி இல்லை என்று அன்றே தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மாணவரை நீக்க வேண்டுமானால் அறிவிப்பு, விளக்கம், கூட்டம், மேல்முறையீடு, மேல்முறையீட்டுக்கு ஒரு கூட்டம் என்று அடுத்த செமஸ்டர் வந்துவிடும். இங்கே பெயர் மேல் விரலை அழுத்தினால் 'நீக்கு' என்று ஒரு சிவப்பு எழுத்து. பதவியில் இருந்தபோது கிடைக்காத அதிகாரம் ஓய்வுக்குப் பிறகு என் கட்டை விரலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த மாலை, பார்வையாளர் நேரம் தொடங்கக் காத்துக்கொண்டு மருத்துவமனையின் கேன்டீனில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. அன்றைய கேள்வி வந்துவிட்டது. மனித இரத்தச் சிவப்பணுக்களை எந்தக் கரைசலில் போட்டால் அவை வெடிக்கும் என்பது கேள்வி. ஏ, உடல் திரவத்துக்கு ஒத்த உப்பு நீர். பி, வடித்த நீர். சி, அடர்த்தியான சர்க்கரைக் கரைசல். டி, இரத்தத்தின் செறிவுக்குச் சமமான செறிவுள்ள யூரியாக் கரைசல். ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உப்பே இல்லாத நீரில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து அணு வெடிக்கும் என்பது எனக்கே நினைவிருந்தது. பி என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள். குழுவில் ஆங்கிலமும் மலாயும் தமிழும் பசெம்பூர் சாலட் மாதிரி கலந்துதான் ஓடும். எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.

"பி லா. கண்ண மூடிட்டே சொல்லலாம்" என்றது முகத்துக்குப் பதிலாக இருந்த ஒரு கார் படம்.

கண்ணாடி போட்ட பூனையைத் தன் படமாக வைத்திருந்த ஒருவர் மட்டும் எழுதினார்: "பியும் டியும். ரெண்டும் சரி."

"ஒரு விடைதான் கேட்டிருக்காங்க. கேள்வியப் படிச்சியா இல்ல படத்த மட்டும் பாத்தியா?"

"படிச்சேன். டிலயும் வெடிக்கும்."

நான் பொறுப்புணர்வோடு தலையிட்டேன். 'ஒரே ஒரு விடையை மட்டும் தேர்ந்தெடுக்கவும். அட்மின்' என்று எழுதினேன்.

"ரெண்டு சரியா இருந்தா ஒண்ண மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது, அட்மின்?" என்றது பூனை.

கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது துக்கமா என்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பூனை விடவில்லை. சென்ற மாதம் ஆய்வகத்தில் யூரியாக் கரைசலில் இரத்தத்தைப் போட்டுப் பார்த்தோமே, கலங்கலாக இருந்த குழாய் தெளிந்து போனதே, யாருக்கும் நினைவில்லையா என்று கேட்டது. உடனே காரிடமிருந்து பதில் பறந்தது.

"அது ஆட்டு ரத்தம். இங்க மனுஷ ரத்தம்னு போட்டிருக்கு."

"ஏன், ஆட்டுக்கு ஒரு ரூல், உனக்கு ஒரு ரூலா?"

சிரிக்கும் முகங்கள் குவிந்தன. ஆடு கத்தும் ஓசையை யாரோ பதிவு செய்து அனுப்பினார்கள். மாணவர் நடத்தை விதிகளின் எந்தப் பிரிவில் இது வரும் என்று யோசித்துப் பார்த்தேன், எதிலும் வரவில்லை. ஆகவே பொதுவாக எழுதினேன்: 'குழுவின் ஒழுங்கைக் காக்கவும். இது முதல் எச்சரிக்கை.'

பூனையின் பதில் உடனே வந்தது. "எச்சரிக்கை வேணாம், அட்மின். காரணம் சொல்லுங்க. டி ஏன் தப்பு?"

டி ஏன் தப்பு என்று எனக்குத் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் விதி எண்ணைச் சொல்வது எங்கள் பிரிவின் மரபு. இங்கே சொல்வதற்கு எண்ணும் இல்லை. பூனையின் பெயர் மேல் விரலை அழுத்தினேன். 'நீக்கு' வந்தது. அதையும் அழுத்தினேன். நிச்சயமாகத்தானா என்று கைப்பேசி ஒருமுறை கேட்டது.

அந்தக் கேள்விதான் என்னை நிறுத்தியது. மாணவரை நீக்குமுன் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருபத்தைந்து வயதில் கற்ற பழக்கம் விரலைப் பிடித்துக்கொண்டது. சரி, துறை மேலேதான் படுத்திருக்கிறது, கேட்டுக்கொண்டே நீக்கலாம் என்று கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு மின்தூக்கிக்குப் போனேன்.

"உன் குழுவில ஒரு பூனை ஆடுது. தூக்கிடலாமா?" என்றேன், கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே.

"என்ன செஞ்சுச்சு?"

"ஒரு கேள்விக்கு ரெண்டு விடை சரின்னு அடம் பிடிக்குது. என்னையே காரணம் கேக்குது."

சிரித்துக்கொண்டே என் கைப்பேசியை வாங்கினாள். கேள்வியைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. வலியோ என்று நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பெரியம்மா, இது குழுவுக்கு எழுதின கேள்வி இல்ல. பேப்பர்ல வர்ற கேள்வி."

இதை விளக்கியாக வேண்டும். அவள் வேலை செய்யும் முறை அப்படி. ஒரு கருத்துக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு கேள்விகள் எழுதுவாள். எளிதானது குழுவுக்கு, கொஞ்சம் மாற்றிக் கடினமாக்கியது தேர்வுக்கு. குழுவில் ஒழுங்காகப் படித்தவர்கள் தேர்வில் அதன் அக்காளைப் பார்த்தால் பயப்பட மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. மருத்துவமனைக்கு வந்த அன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒரு வாரக் கேள்விகளை ஏற்றியவள், ஓர் இடத்தில் தங்கைக்குப் பதிலாக அக்காளை ஏற்றிவிட்டாள். தேர்வுக்குரிய கேள்வி குறித்த நேரத்தில், மிக ஒழுங்காக, முதலாண்டு மாணவர் அத்தனை பேர் கையிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"டிலீட் பண்ணிடறேன்" என்றாள். விரல் போய்விட்டது. நான் பாய்ந்து கைப்பேசியைப் பிடுங்கினேன். எனக்கே அத்தனை வேகம் இருப்பது அன்றுதான் தெரியும்.

"அழிக்காதே."

"யாருக்கும் தெரியாது, பெரியம்மா!"

"இப்ப யாருக்கும் தெரியாது. அழிச்சாத்தான் தெரியும். தினம் ஒண்ணு வருது, இத மட்டும் ஏன் அழிச்சாங்கன்னு ஒருத்தன் கேப்பான். அடுத்த நிமிஷம் அது எல்லார் போன்லயும் படமா இருக்கும்."

"அப்ப என்னா செய்யறது? பேசாம இருந்துடலாமா?"

"தேர்வுக்கு முன்னாடி நீயே சொன்னா அது சம்பவம். தேர்வுக்குப் பின்னாடி அவங்க கண்டுபிடிச்சா அது குற்றம். ரெண்டுக்கும் வேற வேற பாரம். போன் போடு."

"நிரந்தரம் போயிடும்."

"பேசாம இருந்தா வேலையே போயிடும்."

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதால் தையல் இழுக்கிறது, இழுத்தால் இன்னும் அழுகை. பக்கத்தில் வந்த நர்ஸ், "ஆன்டி, பேஷன்ட்ட அழ வைக்காதீங்க, சூசா ஆயிடும், அப்புறம் எங்களுக்குத்தான் கஷ்டம்" என்று என்னைக் கண்டித்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். எத்தனையோ பேருடைய கேள்வித்தாள் விவகாரங்களில் நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கம் நாற்காலி இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று தெரியாது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாணவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், யாராவது சந்தேகப்படுகிறார்களா என்று என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். மெதுவாகக் கீழே இறங்கிப் பூனையிடம் வந்தாள். ஒருமுறை படித்தாள். திரும்ப மேலே போய்க் கேள்வியைப் படித்தாள். பிறகு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூனை சொல்றது சரி."

"எது சரி?"

"செறிவு சமமா இருந்தா தண்ணி உள்ளயும் போகாது, வெளியவும் வராது, அணு சும்மா இருக்கும்னு நெனச்சு டிய சேத்தேன். குழப்பறதுக்காகக் கடைசி நேரத்துல சேத்தது. ஆனா யூரியா சும்மா வெளிய நிக்காது, பெரியம்மா. அணுவோட தோலத் தாண்டி உள்ள போயிடும். அது உள்ள போனா தண்ணியும் பின்னாலயே போகும். அணு உப்பி வெடிச்சிடும். நானே பாடம் நடத்தியிருக்கேன். நானே!"

"அந்த ஆய்வகச் சோதனை?"

"அந்த வாரம் நான் பயிற்சிக்கு வெளியூர் போயிட்டேன். வேற ஒருத்தர்தான் நடத்தினாரு."

அதாவது, வெளியாகக் கூடாத கேள்வி வெளியாகிவிட்டது. வெளியானதும் தவறான கேள்வி. ஒரு நாளில் ஒரு மனுஷிக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கேள்வித்தாள்களோடு வாழ்ந்த எனக்கு இரண்டாவது செய்தி வேறு மாதிரி கேட்டது. வெளியாகாமல் இருந்திருந்தால் இது அப்படியே தேர்வுக்குப் போயிருக்கும். டி என்று எழுதிய பிள்ளைகளுக்குச் சுழியம் விழுந்திருக்கும். ஒரு மதிப்பெண்ணில் தவறும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுடைய மேல்முறையீடுகளை நான் படித்திருக்கிறேன்.

கல்லூரியின் தேர்வுப் பிரிவுத் தலைவியை அழைத்தாள். அந்த அம்மாவும் தமிழ்தான். ஒலிபெருக்கியில் போட்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெஸ்ட்ல இருக்க வேண்டிய ஆளு, என்னம்மா ஆச்சு?"

சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"எத்தன பேரு பாத்தாங்க?"

"எல்லாரும், மேடம்."

"டிலீட் பண்ணிட்டியா?"

"இல்ல."

"நல்ல வேள. பண்ணாதன்னு யாரு சொன்னா?"

"பெரியம்மா."

"பெரியம்மாவுக்கு இது பேப்பர் கேள்வின்னு எப்படிம்மா தெரியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். கேட்டது நியாயமான கேள்வி. நான் அந்தக் கல்லூரிக்கு வெளியாள். தேர்வுக்கு முன் அந்தக் கேள்வி எனக்குத் தெரிந்திருப்பதே தனி விதிமீறல். வாயைப் பொத்திக்கொண்டு இருக்கலாம்தான். ஆனால் பாதி உண்மையோடு போன அறிக்கைகள் பிறகு என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

"நான்தாம்மா பேசறேன்" என்றேன். "வெளியாளுக்கும் தெரிஞ்சிடுச்சுன்னு அதையும் சேத்தே எழுதிக்குங்க. நானும் தேர்வுப் பிரிவில இருந்தவதான். தேர்வு முடியற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் ஒரு தேர்வுப் பிரிவுக்காரர் இன்னொருவரை அடையாளம் கண்டுகொள்ளும் களைப்பு இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு, மேடம்" என்றாள் இவள். "கேள்வியே தப்பு. ரெண்டு விடை சரியா வருது."

"என்னாது?"

விளக்கினாள்.

"அப்ப இது லீக் ஆனதுக்கு நான் சந்தோஷப்படணும்னு சொல்றியா?"

அந்த அம்மாவே அடுத்ததைக் கேட்டார். "இந்தக் கேள்வி சரிபார்ப்புக் குழுவுல பாஸாகித்தான வந்துச்சு?"

"ஆமா, மேடம். மூணு பேரு கையெழுத்து இருக்கு."

அந்தப் பக்கம் மௌனம். என்னைப் போன்றவர்களுக்கு மட்டுமே புரியும் மௌனம் அது. கேள்வி எப்படி வெளியானது என்று விசாரித்தால், இரண்டு விடையுள்ள கேள்வி எப்படித் தேறியது என்றும் விசாரிக்க வேண்டும். விசாரிக்கிறவர்களும் விசாரிக்கப்படுகிறவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். எனக்கு அப்போதுதான் முதன்முதலாக மூச்சு ஒழுங்காக வந்தது.

மறுநாள் காலையில் அவசரக் கூட்டம். இவள் கட்டிலில் சாய்ந்தபடி கைப்பேசி வழியாகக் கலந்துகொண்டாள். எனக்கு அங்கே இடமில்லை என்பதால் திரைக்கு வெளியே போய் நின்றேன். திரை துணியால் ஆனது என்பதற்கு நான் பொறுப்பில்லை. சரிபார்ப்புக் குழுவின் தலைவர் குரலை உயர்த்தியே தொடங்கினார். இந்த டெலிகிராம் வேலையெல்லாம் வேண்டாம் என்று அன்றே சொன்னேன், பல்கலைக்கழகப் பாடம் என்ன பாசாரில் விற்கும் மீனா என்றார். முந்தின நாள் வரை நானும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்து கேட்டபோது அத்தனை நன்றாக இல்லை.

அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்த தேர்வுப் பிரிவுத் தலைவி, டி விடை சரியா தவறா என்று மட்டும் கேட்டார். தவறுதான் என்றார் தலைவர். அப்போது இவள் டெலிகிராம் குழுவிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். முந்தின மாலை நாங்கள் இங்கே அழுதுகொண்டிருந்த நேரத்தில், பூனை தன் கட்சிக்கு ஆதாரமாக ஆய்வகத்தில் எடுத்த ஒரு படத்தைக் குழுவில் போட்டிருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு விதிகளுக்கு முன்னால் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். உப்பு நீரும் இரத்தமும் உள்ள குழாய் கலங்கலாக இருந்தது, பின்னால் இருந்த எதுவும் தெரியவில்லை. யூரியாக் குழாயில் அணுக்கள் எல்லாம் வெடித்து, திரவம் தெளிந்த சிவப்பாக இருந்தது. அதன் ஊடாக, 'ஆய்வகத்தில் உண்ணவோ பருகவோ கூடாது' என்ற வரியை எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிந்தது.

விதிமுறை இவ்வளவு பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஆய்வகத்தில் மறுபடியும் செய்து பார்க்கச் சொன்னார்கள். செய்து பார்த்தார்கள், தெளிந்தது. அதன் பிறகு கூட்டம் விரைவாக முடிந்தது. அந்தக் கேள்வி நீக்கப்பட்டு, கையிருப்பில் இருந்த வேறொரு கேள்வி சேர்க்கப்பட்டது. தாளை மறுபடி அச்சிட்டார்கள். கேள்வி வெளியானதை ஆசிரியரே தேர்வுக்கு முன் தெரிவித்தார், கேள்வி மாற்றப்பட்டதால் எந்த மாணவருக்கும் ஆதாயம் இல்லை என்று பதிவு செய்தார்கள். இனிமேல் குழுவின் கேள்விகளையும் தேர்வுக் கேள்விகளையும் ஒரே கணினியில் வைக்கக் கூடாது என்று அவளுக்கு ஓர் அறிவுரை. விசாரணை இல்லை. குழுவை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை, தலைவர் உட்பட.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்க வைக்காதீங்க, பெரியம்மா, வலிக்குது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உங்க மூஞ்சியப் பாத்தாலே போதும்."

கேன்டீனுக்கு இறங்கிப் போய் நாசி கண்டார் சோறும் கோழியும் வாங்கிச் சாப்பிட்டேன். முந்தின நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது தட்டு காலியான பிறகுதான் நினைவுக்கு வந்தது. எதிரில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அன்று நல்லவர்களாகத் தெரிந்தார்கள்.

அன்றைய விடையை என் கையாலேயே போடச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். விடை பியும் டியும். கேள்வி தவறாக அமைந்துவிட்டது, தவறு ஆசிரியருடையது, யூரியா எப்படி உள்ளே நுழைகிறது என்ற விளக்கம் கீழே, எடுத்துச் சொன்னவருக்கு நன்றி. அனுப்பியதும் குழு முழுவதும் பூனைப் படங்கள் குவிந்தன. கார் படம்கூட ஒரு பூனையை அனுப்பியது. அது தேர்வுக்குரிய கேள்வி என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கண்ணாடி போட்ட பூனை மட்டும் வேலையிலேயே குறியாக இருந்தது. "அப்ப என்னோட முதல் எச்சரிக்கை கேன்சலா, அட்மின்?"

'எச்சரிக்கை திரும்பப் பெறப்படுகிறது' என்று எழுதினேன். திரும்பப் பெறுவதற்கு எங்கள் பிரிவில் ஒரு படிவம் உண்டு. அதை நான் யாருக்கும் பயன்படுத்திய நினைவே இல்லை.

பூனை யார் என்று பிறகு தங்கை மகள் சொன்னாள். அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரியில் வந்து போகும் பெண்ணாம். வகுப்பில் கடைசி வரிசை. பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவாளாம். ஓர் ஆண்டாக அவள் குரலையே கேட்டதில்லை என்றாள்.

"அந்தப் பொண்ணா இவ்வளவு பேசினா?" என்றேன்.

"வகுப்புல நூத்துக்கணக்கான தல திரும்பிப் பாக்கும், பெரியம்மா. இங்க பூனையத்தான பாக்கறாங்க."

தேர்வு நல்லபடியாக முடிந்தது. தையல் ஆறியது. சில வாரங்கள் கழித்து நிரந்தரப் பதவிக்கான ஆணையும் வந்தது. அதை எனக்குத்தான் முதலில் படித்துக் காட்டினாள், அதிலும் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தேன் என்பது வேறு விஷயம்.

கேள்விகளை மாணவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது, அதை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். பூட்டு, உறை, முத்திரை எதிலும் குறை வைத்ததில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகளில் நான் பத்திரமாகப் பூட்டி வைத்த தாள்களில் எத்தனை யூரியாக்கள் இருந்தனவோ, அவற்றை எதிர்த்துக் கேட்க இடமில்லாமல் எத்தனை கடைசி வரிசைப் பிள்ளைகள் பேசாமல் எழுந்து போனார்களோ, எனக்குத் தெரியாது. இன்றும் நான் அந்தக் குழுவில் அட்மின்தான். யாராவது கேள்வியே தப்பு என்று சண்டைக்கு வந்தால் முன்பு போலவே எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் சொல்ல வந்ததைக் கடைசி வரி வரை படித்து முடித்த பிறகுதான் அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று யோசிக்கிறேன்.